அணுவின் கதை – 17: ஒட்டகக் கழுத்து மலை

போன இதழில் மேரி கியூரியைப் பாரிஸ் நகரத்து ஒழுகும் கொட்டகையில் விட்டுவிட்டு வந்தோம். டன் கணக்கில் பிட்ச்பிளெண்ட் தாதுவைக் காய்ச்சி, கிண்டி, வடித்து, கடைசியில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு அவர் கைக்கு வந்தபோது ஆண்டு 1902. அந்தத் தாது ஆஸ்திரியப் பேரரசின் யோவாகிம்ஸ்தால் சுரங்கத்துக் கழிவுக் குவியலிலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது என்பதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

அடுத்த சில ஆண்டுகள் ஐரோப்பாவின் ஆய்வுக்கூடங்கள் எல்லாம், இந்தக் கதிர் என்ன, அது எதனால் பிறக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தன. மாஸ்கோவில் கல்லையும் மண்ணையும் படித்துக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர் வேறு விதமாகக் கேட்டார். இது பூமியில் எங்கே இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது? அங்கே எப்படி வந்து சேர்ந்தது? பார்க்க எளிய கேள்விகள். ஒவ்வொரு தனிமத்தையும் பிடித்து நிறுத்தி இந்த மூன்றையும் விடாமல் கேட்டால் அதற்குப் பெயர் புவிவேதியியல். கேட்டவர் விளாதிமிர் இவானோவிச் வெர்னாட்ஸ்கி. அணுவைப் பிளந்தவர்களையும் வெடிக்க வைத்தவர்களையும் உலகம் அறியும். தாதுவைத் தேடி மலையேறியவர்களுக்குப் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் இடம். இந்த அத்தியாயத்தை முழுவதுமாக அவருக்குக் கொடுக்கிறேன்.

1908-ல் டப்ளின் நகரில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டம் நடந்தது. ஜான் ஜோலி என்ற ஐரிஷ் அறிஞர் யுரேனியத்தையும் நிலவியலையும் இணைத்துப் பேசினார். பாறைகளில் இம்மியளவாகக் கலந்துகிடக்கும் கதிரியக்கப் பொருள்கள் ஓயாமல் வெப்பம் தருகின்றன, பூமியின் உள்சூட்டை விளக்க அவற்றைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். கூட்டத்தில் வெர்னாட்ஸ்கி உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு 45 வயது. அதுவரை அவர் கனிமவியல் பேராசிரியர். ஊர் திரும்பியவர் ரேடியத்தின் பின்னால் போகத் தொடங்கினார்.

1910 டிசம்பர் 29 அன்று பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் பொதுக்கூட்டத்தில் அவர் ஆற்றிய உரையில் மூன்று செய்திகள் இருந்தன. நீராவி, மின்சாரம் இரண்டையும் சிறிதாக்கிவிடக்கூடிய ஆற்றல் ஊற்று ஒன்று அணுவுக்குள் திறக்கிறது. ரேடியச் சேமிப்பு யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் முன்னால் பொன்னும் நிலமும் மூலதனமும் வைத்திருப்பவர்கள் மங்கிப்போவார்கள். ஆகவே எந்த நாடும் தன் மண்ணில் கதிரியக்கக் கனிமங்கள் எங்கே கிடக்கின்றன என்று தெரியாமல் இருக்க முடியாது. ரதர்ஃபோர்டு அணுக்கருவை அறிவித்தது 1911-ல். அணுவுக்கு நடுவில் ஒரு கரு இருக்கிறது என்று யாரும் சொல்வதற்கு முன்பே இந்த மனிதர் அதன் ஆற்றலுக்கு வரைபடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்படி ஒருவர் எங்கிருந்து வருகிறார் என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1863 மார்ச் 12-ல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். அப்பா இவான் பொருளாதாரப் பேராசிரியர். சிறுவயதில் குடும்பம் உக்ரைனின் கார்கிவ் நகரத்துக்குப் போனது. அங்கே யெவ்கிராப் கொரலெங்கோ என்ற உறவினர், வயதான பெரியவர், மாலை நடைக்குப் போகும்போது பையனைக் கூட்டிக்கொண்டு போவார். நட்சத்திரங்களைப் பற்றியும், பூமியே ஓர் உயிர் போல இருப்பதைப் பற்றியும் அவர் சொன்ன கதைகள் தன்னை விட்டு நீங்கவே இல்லை என்று வெர்னாட்ஸ்கி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மெண்டலீவிடம் வேதியியல் கேட்டார். ஆனால் அவரை உருவாக்கியவர் மண்ணியலின் தந்தை தொகுசாயெவ். அவரோடு மாணவர்கள் நீஷ்னி நோவ்கொரத், பொல்தாவா பகுதிகளில் குழி தோண்டி மண் அடுக்குகளைப் பார்த்தார்கள். மேலே கறுப்பு மண், அதற்குள் வேர், புழு, வளை தோண்டும் பிராணிகளின் பாதை. கீழே போகப் போக வெளுத்து, கடைசியில் வெறும் பாறை. மண் என்பது பாறையும் உயிரும் சேர்ந்து செய்த பண்டம் என்று தொகுசாயெவ் கற்பித்தார். அந்தக் குழிக்குள் வெர்னாட்ஸ்கி பார்த்தது அவரோடு ஆயுள் முழுவதும் வந்தது.

1887-ல் ஓர் ஆபத்து வந்தது. ஜார் மூன்றாம் அலெக்சாந்தரைக் கொல்லத் திட்டமிட்டதாகச் சில மாணவர்கள் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் லெனினின் அண்ணன் அலெக்சாந்தர் உல்யானவ். அவரும் வெர்னாட்ஸ்கியும் ஒரே மாணவர் அறிவியல் சங்கத்தில் இருந்தவர்கள். உல்யானவைத் தூக்கிலிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் கனிமக் காட்சிச்சாலைப் பொறுப்பில் இருந்த வெர்னாட்ஸ்கியை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். உயர்பதவியில் இருந்த மாமனார் தலையிட்டதால் தப்பித்தார். மேற்படிப்பு என்ற பெயரில் வெளிநாடு போனார். மியூனிக்கில் க்ரோத், பாரிஸில் லெ ஷத்தெலியே இருவரிடமும் வேலை கற்றார். அங்கே தொடங்கிய ஆய்வில்தான் களிமண்ணுக்கும் எண்ணற்ற பாறைக் கனிமங்களுக்கும் அடிப்படையாக அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரே மாதிரிக் கட்டு இருக்கவேண்டும் என்று கணித்தார். எக்ஸ் கதிர் கொண்டு படிகங்களுக்குள் பார்க்கும் வித்தை வந்தபிறகு, அந்தக் கனிமங்களில் அலுமினியம் சிலிக்கனின் இடத்தில் உட்காரும் என்ற அவர் கருத்து மெய்யானது.

ரஷ்யாவுக்குத் திரும்பிய கையோடு பஞ்சம். 1891-ல் வோல்கா கரையிலும் நடு ரஷ்யாவிலும் விளைச்சல் பொய்த்தது. தம்போவ் மாகாணத்தில் வெர்னாட்ஸ்கி குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அவரும் கல்லூரிக்காலத் தோழர்களும் சேர்ந்து பணம் திரட்டி அந்த வட்டாரத்தில் 100-க்கும் மேற்பட்ட கஞ்சித்தொட்டிகள் திறந்தார்கள். 6,000-க்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் சாப்பிட்டு அடுத்த அறுவடை வரை உயிரோடு இருந்தார்கள். மாணவப் பருவத்தில் ‘சகோதரத்துவம்’ என்று தங்களுக்குள் பெயர் வைத்துக்கொண்ட இந்த நண்பர்கள் குழு சாகும்வரை கலையவில்லை. அதில் ஒருவரான இளவரசர் திமித்ரி ஷாகோவ்ஸ்கோயைப் பின்னால் மறுபடி சந்திப்போம்.

1911 தொடக்கத்தில் மாஸ்கோ பல்கலைக்கழக வளாகத்துக்குள் போலீஸ் நுழைந்தது. எதிர்த்த துணைவேந்தரை அரசு நீக்கியது. 100-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் வேலையைத் தூக்கி எறிந்தார்கள். வெர்னாட்ஸ்கியும் எறிந்தார். இருபது ஆண்டுகள் கட்டியெழுப்பிய கனிமவியல் துறையை ஒரே நாளில் விட்டு வந்தார். அப்போதே அவர் அறிவியல் கழக உறுப்பினர். அதனால் பீட்டர்ஸ்பர்க்கில் வேலை இருந்தது. மாணவர்களில் முதன்மையான ஃபெர்ஸ்மானும் அங்கே வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் கழகத்தின் ரேடியத் தேடல் பயணங்கள் தொடங்கின.

மத்திய ஆசியாவில் ஃபெர்கானா பள்ளத்தாக்கின் விளிம்பில், இன்றைய கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்துக்குப் பக்கத்தில், துயா முயூன் என்று ஒரு சுண்ணாம்புக்கல் குன்று உண்டு. உள்ளூர்த் துருக்கிய மொழியில் ஒட்டகக் கழுத்து என்று பொருள். குன்றுக்குள் நீர் அரித்த குகைகள். அவற்றின் சுவர்களிலும் பிளவுகளிலும் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் பொடி போன்ற ஒரு படிவு ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினாலே கையோடு வரும். மஞ்சள் அரைத்த அம்மியைத் தொட்டது மாதிரி விரலில் நிற்கும். கழகத்தைச் சேர்ந்த நெனாத்கேவிச் 1912-ல் அதைப் பகுத்துப் பார்த்து, கால்சியமும் யுரேனியமும் வனேடியமும் சேர்ந்த புதிய கனிமம் என்று கண்டார். மலையின் பெயரையே வைத்து துயாமுயூனைட் என்று அழைத்தார்கள்.

ஓர் எளிய கணக்கு சொல்லிவிடுகிறேன், இனி வரும் கதை முழுவதும் அதில் தொங்குகிறது. யுரேனியம் சிதைந்து சிதைந்து வழியில் ரேடியமாக மாறுகிறது. பழைய தாது எதை எடுத்தாலும் அதில் இரண்டும் ஒரே விகிதத்தில் இருக்கும். 1 கிராம் ரேடியம் வேண்டுமானால் சுமார் 3 டன் யுரேனியம் உள்ள தாதுவைக் கரைக்கவேண்டும். அன்றைக்கு விலைபோனது ரேடியம். யுரேனியம் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறமேற்றத்தான் பயன்பட்டது.

பிறகு போர் வந்தது. மருந்துக்கும் சாயத்துக்கும் உலோகத்துக்கும் ஜெர்மனியை நம்பியிருந்த ரஷ்யா திணறியது. நாட்டின் இயற்கை வளங்களைக் கணக்கெடுக்க 1915-ல் ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் வெர்னாட்ஸ்கி. புரட்சிக்குப் பிறகும் கலைக்கப்படாமல் சோவியத் ஆட்சியின் ஆய்வு நிறுவனங்கள் பலவற்றைப் பெற்றெடுத்த குழு அது. அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே இடமில்லை.

1917-ல் ஜார் வீழ்ந்தார். அரசியல் சட்ட ஜனநாயகக் கட்சியில் நெடுநாள் இருந்த வெர்னாட்ஸ்கி இடைக்கால அரசில் கல்வித்துறைத் துணை அமைச்சரானார். நவம்பரில் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்ததும் அவர் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. உடல்நலத்துக்காகத் தெற்கே போகிறார் என்று கழகம் கடிதம் கொடுத்தது. பொல்தாவா போய்ச் சேர்ந்தார்.

அடுத்த மூன்று ஆண்டுகளை எப்படிச் சொல்வது? 1918-ல் கீவ் நகரில் உக்ரைன் அறிவியல் கழகம் தொடங்கியது. முதல் தலைவர் அவர். நகரம் கைமாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் புதிய படை, புதிய கொடி, புதிய கையெழுத்து. ஒவ்வொருவரிடமும் போய், நூலகத்தைத் தொடாதீர்கள், கழகத்தைக் கலைக்காதீர்கள் என்று கேட்டார். வெள்ளைப் படைத் தளபதி தெனிகினிடம் பேச ரஸ்தோவ் வரை போனார். போன இடத்திலிருந்து கீவுக்குத் திரும்ப முடியவில்லை, வழி அடைபட்டுவிட்டது. மனைவியும் மகளும் இருந்த கிரிமியாவுக்குக் கப்பல் ஏறினார்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் எழுதிக்கொண்டிருந்தது ஒரே பொருளைப் பற்றி. உயிருள்ளவை அனைத்தையும் சேர்த்து ஒரே நிறையாக எடுத்துக்கொண்டால், அது பூமியின் மேலோட்டில் என்ன வேலை செய்கிறது? எத்தனை டன் கார்பன், எத்தனை டன் கால்சியம், எத்தனை டன் இரும்பு அதன் வழியாகப் போய் வருகிறது? ‘உயிர்ப்பொருள்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். உயிரியலாளர் ஒரு தவளையைப் பார்ப்பார், ஒரு செடியைப் பார்ப்பார். இவர் எடைபோட்டார்.

1920 தொடக்கத்தில் யால்டாவில் டைஃபஸ் காய்ச்சல் அவரைச் சாய்த்தது. பல வாரம் சாவின் விளிம்பில் கிடந்தார். காய்ச்சல் வேகத்தில் தன் வாழ்க்கையின் மிச்சம் முழுவதும் ஒரு காட்சியாக மனத்தில் ஓடியது. அமெரிக்காவில் கடலோரத்தில் உயிர்ப்பொருளுக்கென்று ஒரு பெரிய ஆய்வு நிலையம், அதில் தான் தலைவர், கடைசியாக ஒரு நூல், 80-க்கும் 82-க்கும் இடைப்பட்ட வயதில் மரணம். எழுந்து உட்காரத் தெம்பு வந்ததும் மனைவி நதாலியாவிடம் சொல்லி இதை எழுதி வைக்கச் செய்தார். அறிவியலாளர் ஒருவர் இதை மறைக்காமல் நாட்குறிப்பில் வைத்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆய்வு நிலையம் அமெரிக்காவில் அமையவில்லை. வயதுக் கணக்கு தப்பவில்லை.

அந்த ஆண்டின் கடைசியில் செம்படை கிரிமியாவுக்குள் வந்தது. மகன் கியோர்கி கடைசிக் கப்பல்களில் ஒன்றில் ஏறி கான்ஸ்டான்டினோபிள் போய்விட்டார். வெர்னாட்ஸ்கிக்கும் வெளியேற வழி இருந்தது. சிம்ஃபெரோபோல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பு அப்போது அவரிடம். விட்டுப் போகவில்லை. மகனை அடுத்துப் பார்க்க ஆண்டுகள் ஆயின.

1921 ஜூலையில், பெத்ரோகிராத் (பழைய பீட்டர்ஸ்பர்க்) திரும்பியிருந்த அவரை இரகசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்ச் சிறையில் அடைத்தது. அறிவியல் கழகத் தலைவர் கர்ப்பின்ஸ்கி உடனே மாஸ்கோவுக்குத் தந்திகள் அனுப்பினார். சில நாட்களுக்குள் விடுதலை. வெளியே வந்தவர் மகள் நீனாவைக் கூட்டிக்கொண்டு வடகோடியில் மூர்மான்ஸ்க் கடற்கரையின் உயிரியல் நிலையத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார்.

இனி மறுபடி மஞ்சள் தாது. போருக்கு முன்பு தனியார் கம்பெனி ஒன்று துயா முயூனிலிருந்து எடுத்து பீட்டர்ஸ்பர்க்கில் குவித்து வைத்திருந்த சரக்கை, ஜெர்மானியர் நகரத்தை நெருங்கியபோது கிழக்கே அப்புறப்படுத்தியிருந்தார்கள். காமா ஆற்றங்கரையில் போண்டியூகா என்ற ஊரின் பழைய வேதிப்பொருள் தொழிற்சாலையில் விதாலி க்ளோப்பின் என்ற இளம் வேதியியலாளர் அதை வைத்துக்கொண்டு போராடினார். வயது முப்பதைத் தாண்டியது அப்போதுதான். நாட்டில் பஞ்சம், விறகில்லை, அமிலத்துக்குத் தட்டுப்பாடு. 1921 டிசம்பர் 1-ல் ரஷ்யாவின் முதல் ரேடியம் கிடைத்தது. சில மில்லிகிராம். ஒரு கடுகின் எடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து, 1922 ஜனவரியில், ரேடியம் நிறுவனம் பிறந்தது. இயக்குநர் வெர்னாட்ஸ்கி, துணைக்கு க்ளோப்பின்.

அடுத்து வந்த பிப்ரவரியில் அவர் எழுதிய ஒரு முன்னுரையை இந்தத் தொடரின் மையம் என்றே சொல்வேன். தன் பழைய கட்டுரைகளையும் உரைகளையும் தொகுத்து வெளியிட்ட நூலுக்கு எழுதியது, ஒரு பக்கம்தான். மனிதன் அணு ஆற்றலைக் கையில் வாங்கும் காலம் தூரத்தில் இல்லை, சில ஆண்டுகளிலோ ஒரு நூற்றாண்டிலோ அது நடக்கும், ஆனால் கட்டாயம் நடக்கும் என்றார். அந்தச் சக்தியை நன்மைக்குப் பயன்படுத்தத் தெரிந்திருக்குமா, தன்னையே அழித்துக்கொள்வானா என்று கேட்டார். தங்கள் ஆய்வின் விளைவுகளுக்கு அறிவியலாளர்கள் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது, அவற்றுக்குத் தாங்களே பொறுப்பு என்று உணரவேண்டும் என்று எழுதினார். ரேடியம் கையில் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஹிரோஷிமாவுக்கு இன்னும் 23 ஆண்டுகள். அன்று பெரும்பாலான இயற்பியலாளர்களுக்கு அணு ஆற்றல் கனவுப் பேச்சு. கஞ்சித்தொட்டி நடத்தி, மூன்று ஆட்சி மாற்றம் பார்த்து, சிறையிலிருந்து வந்த ஒருவருக்கு அது பேச்சாகத் தோன்றவில்லை.

அதே ஆண்டு சொர்போன் பல்கலைக்கழகம் அழைத்தது. பாரிஸ் போனார். புவிவேதியியல் பற்றிய அவர் சொற்பொழிவுகள் 1924-ல் பிரெஞ்சு மொழியில் நூலாக வந்தன. கேட்டவர்களில் தத்துவ அறிஞர் லெ ருவாவும், பாதிரியாரும் தொல்லுயிர் அறிஞருமான தெயார் த ஷார்தனும் உண்டு. மேரி கியூரியின் நிறுவனத்திலும் கொஞ்ச காலம் கதிரியக்கக் கனிமங்களில் வேலை செய்தார். ஒரு வருடப் பயணம் நான்கு ஆண்டுகளாக நீண்டது.

இந்த நான்கு ஆண்டுகளில் அவர் பல முறை எழுதிக் காட்டிய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புவிவேதியியலாளரின் கண் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. 1889-ல் செங்கடலில் போய்க்கொண்டிருந்த கப்பலிலிருந்து கர்ரதர்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு வெட்டுக்கிளிப் படையைப் பார்த்தார். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அரேபியாவை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. மேகம் கடந்து முடியவே இல்லை. அதன் பரப்பை அவர் கணக்கிட்டு ஆங்கில அறிவியல் இதழ் ஒன்றுக்கு எழுதினார், எடை சுமார் 4 கோடியே 40 லட்சம் டன் என்று வந்தது. நாம் படித்தால் பயிர் என்ன ஆகும் என்று பதறுவோம். வெர்னாட்ஸ்கி அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, ஒரு நூற்றாண்டு முழுவதும் மனிதர் தோண்டி எடுத்த செம்பு, துத்தநாகம், ஈயம் மூன்றின் எடைக்குச் சமமான ஒன்று அன்றைக்குக் கடலின் மேல் பறந்து போயிருக்கிறது என்றார். அவர் கண்ணுக்கு அது இடம்பெயரும் பாறை. ஒரு கண்டத்தின் கார்பனும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சிறகு முளைத்து இன்னொரு கண்டத்துக்குப் போகின்றன. தொகுசாயெவ் தோண்டிய குழியில் பார்த்ததை இப்போது வானத்தில் பார்த்தார்.

1926-ல் அவர் வெளியிட்ட ‘உயிர்க்கோளம்’ என்ற சிறு நூல் இந்தப் பார்வையின் முழு வடிவம். சொல் அவருடையது அல்ல, ஆஸ்திரிய நிலவியலாளர் எட்வர்ட் சூஸ் 1875-ல் போகிறபோக்கில் வைத்த பெயர். அந்தச் சொல்லுக்கு உடம்பு கொடுத்தவர் வெர்னாட்ஸ்கி. சூரிய ஒளியைப் பிடித்து வேதி ஆற்றலாக மாற்றும் ஒரு மெல்லிய உறை பூமியைச் சுற்றி இருக்கிறது. நாம் மூச்சு விடும் ஆக்சிஜன் அந்த உறை செய்தது. சுண்ணாம்புப் பாறை, நிலக்கரி, பல இரும்புப் படிவுகள் எல்லாம் அதன் கைவேலை. உயிர் என்பது பூமியின் மேல் தற்செயலாகப் படிந்த தூசு என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், அதுவே பெரிய நிலவியல் சக்தி என்று எண்களோடு சொன்னார். கார்பன் சுழற்சி, நைட்ரஜன் சுழற்சி என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் வரையும் படங்களுக்குப் பின்னால் இந்தச் சிந்தனை இருக்கிறது.

நூல் வெளிவந்தது லெனின்கிராதில், அதாவது பழைய பீட்டர்ஸ்பர்க்கில். ஆம், திரும்பிவிட்டார். ஏன்? மகன் வெளிநாட்டில், விரைவில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்று ஆசிரியர் ஆகப்போகிறார். மகள் பிராக்கில். ஆட்சியில் இருப்பவர்கள் ஒரு முறை சிறையில் போட்டவர்கள். அவர் உயிர்ப்பொருள் ஆய்வகத்துக்கு மேற்கு நாடுகளில் நிதி கேட்டார், ஆய்வகம் கட்டும் அளவுக்கு யாரும் கொடுக்கவில்லை என்பது ஒரு காரணம். தான் வளர்த்த மாணவர்கள், ரேடியம் நிறுவனம், தோழர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள் என்பது இன்னொன்று. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் இரண்டாவதைத்தான் அழுத்திச் சொன்னார். நான் அதை நம்புகிறேன். 63 வயதில் மனிதர் ஊர் திரும்புவது பணத்துக்காக இருக்காது.

1928-ல் உயிர்ப்புவிவேதியியல் ஆய்வகம் அமைந்தது. குளத்து நீரில் பச்சைப் போர்வையாக மிதக்கும் லெம்னா பாசியை அள்ளி வந்து, உலர்த்தி, எரித்து, சாம்பலில் ஒவ்வொரு தனிமமாகத் தேடினார்கள். ரேடியம்கூட இருந்தது. சுற்றியுள்ள தண்ணீரைவிடப் பல மடங்கு செறிவாக இருந்தது. உயிர் தனக்கு வேண்டிய அணுவைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவைப்படவில்லை. ரேடியம் நிறுவனம் இன்னொரு பக்கம் வளர்ந்தது. 1937-ல் அங்கே ஓடத் தொடங்கிய சைக்ளோட்ரான் ஐரோப்பாவிலேயே முதலாவது.

அந்த 1937 வேறொன்றுக்கும் ஆண்டு. இரவில் கார் வந்து நிற்கும் காலம். ஆய்வகத்தின் சிமோரினைக் கொண்டுபோனார்கள். முகாமுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு, சகோதரத்துவத்தின் ஷாகோவ்ஸ்கோய். ஐம்பதாண்டுத் தோழர், வயது 76. வெர்னாட்ஸ்கி வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த விஷின்ஸ்கிக்கு எழுதினார், இரகசியப் போலீஸ் தலைவர் பெரியாவுக்கு எழுதினார், தான் அறிந்தவரை இவர் நேர்மையானவர் என்று தன் பெயரில் கையெழுத்திட்டு எழுதினார். அந்த நாட்களில் அப்படி எழுதுவது என்ன என்று சோவியத் வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். ஷாகோவ்ஸ்கோயை 1939 ஏப்ரலில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். குடும்பத்துக்கு உண்மையைச் சொல்லவில்லை. வெர்னாட்ஸ்கியை ஏன் தொடவில்லை? அவருக்கு வெளிநாடுகளில் இருந்த பெயரும், ரேடியமும் யுரேனியமும் தெரிந்த தலை என்பதும் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன். கட்சியின் தத்துவப் புலவர் தெபோரின் அவரை அச்சில் தாக்கியபோதுகூட, தான் தத்துவத்தில் ஐயவாதி, எந்த ஒரு தத்துவ முறையும் எல்லோரையும் கட்டுப்படுத்த முடியாது என்று அச்சிலேயே பதில் எழுதியவர் அவர்.

1940 கோடை. மாஸ்கோவுக்கு வெளியே ஊஸ்கொயே என்ற பழைய மாளிகை, அறிவியல் கழகத்தின் ஓய்வு இல்லம். 77 வயதுக்காரர் தோட்டத்தோடு இருக்கிறார். அமெரிக்காவிலிருந்து மகனின் கடிதம் வருகிறது. உள்ளே மடித்து வைத்த செய்தித்தாள் துண்டு. நியூயார்க் டைம்ஸ், மே 5. வில்லியம் லாரன்ஸ் என்ற நிருபர் எழுதியது. யுரேனியம் 235 என்ற ஒரே ஒரு வகை அணுவைப் பிரித்தெடுத்தால் அளவில்லாத ஆற்றல் கிடைக்கும், ஜெர்மனியில் இதற்கென்றே விஞ்ஞானிகளை இறக்கியிருக்கிறார்கள் என்று சொல்லும் நீண்ட கட்டுரை. ஹான், ஸ்ட்ராஸ்மான் யுரேனியத்தைப் பிளந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. பிளவைப் பற்றி சோவியத் இயற்பியலாளர்களுக்குத் தெரியும். ஆனால் இது ஆய்வுக்கூடத்தை விட்டு அரசாங்க விஷயமாகிவிட்டது என்று அந்தக் காகிதத் துண்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டவர் இந்தக் கிழவர். மகனுக்கு நன்றி சொல்லி எழுதினார்.

ஜூலை 12-ல் வெர்னாட்ஸ்கி, ஃபெர்ஸ்மான், க்ளோப்பின் மூவரும் அரசின் துணைத் தலைவர் புல்கானினுக்குக் குறிப்பு அனுப்பினார்கள். மாதக் கடைசியில் யுரேனியக் குழு அமைந்தது. தலைவர் க்ளோப்பின். துணைத் தலைவர்களில் வெர்னாட்ஸ்கியும் ஒருவர். குழுவில் இயற்பியலாளர்கள் நியூட்ரானையும் ஐசோடோப்பையும் பேசினார்கள். வெர்னாட்ஸ்கி முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டதையே கேட்டார். எங்கே இருக்கிறது? எவ்வளவு இருக்கிறது? உலகின் ஆறில் ஒரு பங்கு நிலத்தை வைத்திருந்த நாட்டில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் ஃபெர்ஸ்மான் மத்திய ஆசியாவுக்குப் போனார். ரேடியம் எடுத்தபின் மிச்சமாக நின்ற யுரேனியம் இப்போது தேடப்படும் பொருள்.

1922-ல் எச்சரித்தவரே 1940-ல் அரசைத் தட்டி எழுப்பினாரே, இது எப்படி என்று வாசகர் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அவர் நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் அன்று குண்டைவிட ஆற்றல்தான் பெரிதாக நிற்கிறது. மறுபக்கம் ஹிட்லர் பாரிஸுக்குள் நுழைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சக்தி வரும், கட்டாயம் வரும் என்று எழுதியவர், அது தனக்குத் தெரியாமல் வேறு கைக்குப் போவதை விரும்பியிருக்க மாட்டார். இதே கணக்கை 1939-ல் அமெரிக்காவில் ஸிலார்டும் ஐன்ஸ்டைனும் போட்டார்கள், அதைத் தனி அத்தியாயமாகப் பார்க்கவிருக்கிறோம். ஆனாலும், தன் முகாம்களில் நண்பர்களைக் கொல்லும் ஓர் அரசின் கையில் அதைக் கொடுக்கிறோம் என்பது அவரைப்போல வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்? இதற்கு என்னிடம் விடை இல்லை. அவருக்காக வாதாடவும் மாட்டேன், குற்றம் சாட்டவும் மனம் வரவில்லை.

1941 ஜூனில் ஜெர்மனி பாய்ந்தது. யுரேனிய வேலை நின்றது. மூத்த அறிவியலாளர்களை கஸக்ஸ்தானின் போரோவொயே என்ற ஏரிக்கரை ஊருக்கு அனுப்பினார்கள். பைன் காடும் கருங்கல் குன்றும் சூழ்ந்த அந்த இடத்தில் வெர்னாட்ஸ்கி இரண்டு ஆண்டுகள் எழுதினார். பூமியின் உயிர்க்கோளத்தின் வேதி அமைப்பு பற்றிய பெரிய நூல், வாழ்நாள் கணக்கு முழுவதும் அதில்.

1943 பிப்ரவரி 3-ல் நதாலியா இறந்தார். கல்யாணமாகி 56 ஆண்டுகள். அவரைவிட நதாலியா இரண்டு வயது மூத்தவர். அவர் கையெழுத்தைப் படித்துப் பிரதி எடுத்தவர், பிரெஞ்சு மொழியில் திருத்தியவர், யால்டாக் காய்ச்சலில் சொல்லக் கேட்டு எழுதியவர். அடுத்த மாதம் 80-ஆவது பிறந்த நாள் வந்தது, ஸ்டாலின் பரிசும் வந்தது. 2 லட்சம் ரூபிளில் பாதியை நாட்டின் பாதுகாப்புக்குக் கொடுத்தார். ஆகஸ்டில் மாஸ்கோ திரும்பினார். மனிதச் சிந்தனை பூமியை மாற்றும் நிலவியல் சக்தியாகிவிட்டது என்பதைப் பற்றி, பாரிஸில் லெ ருவா வைத்த ‘நூஸ்பியர்’ என்ற சொல்லைத் தலைப்பில் சேர்த்து, ஒரு சிறு கட்டுரையை 1944-ல் வெளியிட்டார். போரின் நடுவில் எழுதியது. அதில் நம்பிக்கை இருக்கிறது.

1944 டிசம்பர் கடைசியில் பக்கவாதம். 1945 ஜனவரி 6-ல் இறந்தார், 82 நிறையவில்லை. மாஸ்கோவின் நோவோதேவிச்சி இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். ஃபெர்ஸ்மான் அதே ஆண்டு மே மாதம் போய்ச் சேர்ந்தார். வெர்னாட்ஸ்கி இறந்து ஏழு மாதம் கழித்து ஹிரோஷிமா. 1949 ஆகஸ்ட் 29-ல் சோவியத் குண்டு வெடித்தது. அதன் புளூட்டோனியத்தைப் பிரிக்கும் வேதி முறை, போண்டியூகாவில் சில மில்லிகிராம் ரேடியத்துக்காகப் பாடுபட்ட க்ளோப்பினின் நிறுவனத்தில் உருவானது. அந்தக் கதை இன்னும் ஐந்தாறு இதழ்கள் தள்ளி வரும்.

போரோவொயேயில் எழுதிய பெரிய நூலின் கையெழுத்துப் பிரதி அலமாரியிலேயே இருந்தது. அச்சில் வந்தது 1965-ல். முதல் பக்கத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தன் வேலையில் துணை நின்ற மனைவி நதாலியா யெகோரோவ்னாவின் நினைவுக்கு என்று அவர் எழுதியிருந்தது அப்படியே இருந்தது.

(தொடரும்)